விலகினாரா, விலக்கினாரா?

இலக்கியம் என்றால் காவியமும் கவிதையும் கதையும் மட்டுமே என்று கருதுவோர் நம்மில் பலர் உளர். மன்னர் விடுத்த ஓலையும் புலவர் விடுத்த சீட்டுக்கவியும் இலக்கிய வரலாற்றில் இடம் பெறுமாயின், முதலாளி தம் சிப்பந்திகளுக்கு விடுக்கும் மடல் மட்டும் ஏன் பெறக்கூடாது? சீட்டுக்கவியைப் படித்துச் சுவைத்தோர் சிலர். இம்மடலைப் படித்த அன்றே சோற்றை இழந்தோர் பல்லாயிரவர். ஒருவன் வாழ்வை ஒரு பொழுதில் மாற்றவல்ல எழுத்தை ஆராயாது விடுவது விமரிசனத்துக்கு அழகன்று. ஆகவே, கம்ப்யூட்டர்த் தொழிலில் புதிதாய் முளைத்து வேகமாய் வளர்ந்த மூன்று கம்பெனிகளின் தலைவர்கள், ஆட்குறைப்பின்போது எழுதிய மடல்களை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

தேயிலைத் தோட்டத்தில் செக்ரோல் எழுதும் கிராணிக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வேலை உண்டு. ஆங்கிலப் பள்ளியில் படித்ததன் பயனாக, துரைமார் எழுதுவதைத் தமிழாக்கித் தொழிலாளர்க்குப் படித்துக் காட்டுவது நம் கடமையாய் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன், இக்கேமரன் மலையில் நாம் அப்போது பணியாற்றிய ஒரு தோட்டத்துக்குக் கொழுந்து வெட்டும் இயந்திரங்கள் வந்தன, கைகள் மிகுந்தன. ஆங்கிலத்தில் ஒரு நோட்டீசு வந்தது, நாம் மொழிபெயர்த்தோம். ‘ஆட்குறைப்பு அவசியமாகியுள்ளது’, ‘கீழ்க்கண்டோர் பணியினின்று விடுவிக்கப்படுகின்றனர்’, ‘அன்னாரது உழைப்பு பாராட்டப்படுகிறது’ என்று நன்றாகவே அமைந்தது. காலைப் பெரட்டில் அதனைப் படித்து முடித்ததும், இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்த அம்மையார் ஒருவர் கேட்டார்: “கிராணி ஐயா, எங்கள நிப்பாட்டுறது யாரு? எதுக்கு நிப்பாட்டுறாங்க? கைக்கு என்ன வரும்? வீட்ட எப்பக் காலி பண்ணணும்?”

நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் விடையில்லை. வாக்கியந்தோறும் ‘படு’ என்னும் துணைவினை நின்றது. செய்பவன் எங்கும் நிற்கவில்லை. அன்று முதல், வேலை நீக்க மடலுக்கு அவ்வம்மையார் கேட்ட நான்கையே இலக்கணமாகக் கொண்டோம். யார், எதற்கு, எவ்வளவு, எதுவரை. இவற்றுக்கு விடை கூறும் மடல் நடையில் எளியதாயினும் நன்மடல். கூறாதது கண்ணீரால் எழுதப்பட்டதாயினும் போலி மடல்.

முதலாவதாகப் பைஜூஸ் கம்பெனியின் மடல். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்து அழீக்கோட்டைச் சேர்ந்த பைஜு ரவீந்திரன் 2011-இல் தொடங்கிய கம்பெனி இது. பிள்ளைகளுக்குக் கைப்பேசி வழியே பாடம் சொல்லும் தொழில். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியபோது பணம் வெள்ளமெனப் பாய்ந்தது; 2022-இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றனர். ஆனால் 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கோ 2022 செப்டம்பரில்தான் வெளிவந்தது. அதில் நட்டம் 4,588 கோடி ரூபாய். அடுத்த மாதமே, ஏறக்குறைய 50,000 ஊழியரில் 2,500 பேரை, அதாவது 100-க்கு 5 பேரை, நீக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அக்டோபர் இறுதியில் தலைவர் எல்லோருக்கும் மடல் விடுத்தார்.

மடல் உருக்கமானது, மறுப்பதற்கில்லை. மன்னிப்புக் கேட்கிறார். நடந்த விதம் நினைத்தபடி சீராக இல்லை என்று ஒப்புகிறார். நிலைமை தேறினால் போனவரை மீண்டும் அழைப்பதே தம் முதல் வேலை என்கிறார். எல்லாவற்றுக்கும் சிகரமாக, நீங்கள் என் கம்பெனியில் 100-க்கு 5 அல்லீர், எனக்குள்ளேயே 100-க்கு 5 ஆவீர் என்னும் பொருள்பட ஓர் உருவகம் அமைக்கிறார். உவமை உருவகங்களுக்கு மயங்கும் தமிழ் வாசகர் இவ்விடத்தில் தலையசைத்துவிடக் கூடும். ஆனால் உருவகத்தைச் சோதிக்க வேண்டாமா? தன் உடலில் இருபதில் ஒரு பங்கை அறுத்தவன் படுக்கையில் கிடப்பான். இவ்வுடலோ சில நாட்களுக்குள், அதாவது 2022 நவம்பர் 4-ஆம் நாள், உலகப் புகழ் பெற்ற கால்பந்தாட்டக்காரர் லியோனல் மெஸ்ஸியைத் தன் தூதராக அறிவித்துக் கொண்டது. அவ்வாண்டுக் கத்தார் உலகக் கோப்பைக்கும் அது புரவலராய் நின்றது. வலித்தது யார் உடல் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். சமுதாயத்தை ஒரே உடலென்று சொல்லி, ஒருவரைத் தலையிலும் மற்றொருவரைக் காலிலும் பிறப்பித்த பழங்கதையை நம் மக்கள் அறிவர். உடல் என்ற உருவகம் எழும்போதெல்லாம், தலை எது, வெட்டப்படுவது எது என்று கேட்பதே அறிவுடைமை.

மடல் சொல்லாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். ‘எதற்கு’ என்ற கேள்விக்கு உலகப் பொருளாதார நிலையைக் காட்டுகிறது. கடன் வாங்கியும் கம்பெனிகளை வாங்கியும் விளம்பரத்தில் இறைத்தும் வந்த நட்டத்தை வெளிப்படக் கூறவில்லை. ‘யார்’ என்ற கேள்வி இன்னும் கடியது. அதே மாதம் திருவனந்தபுரத்து ஊழியர்கள், தம்மை ராஜினாமா எழுதித் தரும்படி வற்புறுத்துவதாக முறையிட்டனர்.

இங்கேதான் நம் இலக்கணம் கைகொடுக்கிறது. ‘விலகினார்’ என்பது தன்வினை. ‘விலக்கினார்’ என்பது பிறவினை. இரண்டுக்கும் இடையே நிற்பது ஓர் ஒற்றெழுத்து. அந்த ஒற்று விழுந்தால், விலக்கியவன் மறைகிறான். தானே போனவனாகத் தொழிலாளி ஏட்டில் நிற்கிறான். ஆட்குறைப்புக்கு உரிய நட்ட ஈடும் அவ்வொற்றோடு சேர்ந்து விழுகிறது. ராஜினாமாக் கடிதம் என்பது முதலாளி சொல்லத் தொழிலாளி எழுதும் மடல். இலக்கிய உலகில் இதனினும் பெரிய ஆள்மாறாட்டத்தை நாம் கண்டதில்லை.

திருவனந்தபுரத்து ஊழியர்கள் அந்த ஒற்றை விடவில்லை. ‘பிரதித்வனி’ என்னும் ஊழியர் அமைப்பின் துணையோடு தொழிலாளர் துறை அமைச்சர் சிவன்குட்டியிடம் சென்றனர். முதலமைச்சருடன் பேச்சு நடந்தது. 2022 நவம்பர் தொடக்கத்தில் அவ்வூர் நிலையத்தை மூடுவதில்லை என்றும், 140 பேரும் தொடர்வர் என்றும் கம்பெனி அறிவித்தது. உருக்கமான மடல் காக்காத வேலையை ஒன்றுபட்ட ஒரு மனு காத்தது.

நடுநிலையும் வேண்டும். சம்பளம் கொடுப்பதற்காகத் தலைவர் தம் வீடுகளை அடமானம் வைத்ததாக 2023 இறுதியில் செய்தி வந்தது. அதனை ஏளனம் செய்யோம். ஆயினும் அடுத்த ஆண்டு சம்பளம் தாமதமாயிற்று; தொலைபேசியில் அழைத்தே ஆட்களை நீக்கியதாகவும் செய்தி வந்தது. முடிவில் 2024 ஜூலையில் திவால் வழக்கு ஏற்கப்பட்டது. அவ்வழக்கைத் தொடுத்தது இந்தியக் கிரிக்கெட் வாரியம். பொருள், ஆட்டக்காரர் சட்டையில் பெயர் பொறித்த வகையில் நின்ற 158 கோடி ரூபாய் பாக்கி. திரும்ப அழைப்போம் என்ற வாக்கு அத்தோடு காற்றாயிற்று.

இரண்டாவது மடல், ஏர்பிஎன்பி கம்பெனித் தலைவர் பிரையன் செஸ்கி 2020 மே 5-இல் எழுதியது. பயணிகளுக்குத் தங்குமிடம் அமர்த்தித் தரும் அத்தொழில் பெருந்தொற்றால் முடங்கிற்று. முந்தைய ஆண்டு வருமானத்தில் பாதியும் வாராது என்று எழுதுகிறார். 7,500 பேரில் ஏறக்குறைய 1,900 பேர் போக வேண்டும் என்கிறார். எந்தெந்த வேலைகளை நிறுத்துகிறார் என்பதைப் பெயர் சொல்லி விளக்குகிறார். அமெரிக்காவில் உள்ளவர்க்குப் பதினான்கு வாரச் சம்பளம், வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மேலும் ஒரு வாரம், பன்னிரண்டு மாத மருத்துவக் காப்பு. ஓராண்டு நிறையாதவரும் பங்குதாரராக வெளியேறலாம். கம்ப்யூட்டரையும் கொண்டு செல்லலாம். இம்மடலிலும் அன்பைப் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் கணக்கு முன்னே வருகிறது; அன்பு பின்னே வருகிறது. எழுத்தில் வரிசையும் ஓர் அறம். நீக்கியது சரியா என்பது வேறு வழக்கு. நம் அம்மையாரின் நான்கு கேள்விகளையும் இம்மடலிடம் கேட்டால் அது வாய் திறந்து பதில் சொல்லும்.

மூன்றாவது, நம் நாட்டில் பிறந்தது. 2012-இல் கோலாலம்பூரில் ‘மைடெக்சி’ என்று தொடங்கிப் பின் ‘கிராப்’ ஆன கம்பெனி, 2023 ஜூனில் 1,000 பேரை, 100-க்கு 11 பேரை, நீக்கியது. இது இலாபத்துக்குக் குறுக்கு வழியன்று என்று தலைவர் அந்தோணி டான் எழுதினார். எதுவன்று என்பதைச் சொல்வதில் நடை வலிமையாகவும், எது என்பதைச் சொல்வதில் மெலிவாகவும் இருக்கிறது. ஆயினும் ஆறு மாதப் பணிக்கு அரை மாதச் சம்பளம், அல்லது சட்டம் கூறுவது, இரண்டில் எது மிகுதியோ அது என்று மூன்றாம் கேள்விக்குத் தெளிவாய் விடை கூறியதைப் பாராட்டலாம்.

இத்தகைய விடைகளைக் கொடை என்று யாரும் கருத வேண்டா. மலேசியாவின் 1980-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, அவ்விதிகளுக்கு உட்பட்ட தொழிலாளிக்கு, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த பணியாயின் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். ஐந்துக்குக் குறைந்ததாயின் பதினைந்து நாள். அதற்கு மேற்பட்டால் இருபது நாள். ஓராண்டேனும் வேலை செய்திருக்க வேண்டும். ராஜினாமா எழுதிக் கொடுத்தவனுக்கு இவ்வுரிமை இல்லை. பேனாவை நீட்டும்போது அந்த ஒற்றெழுத்தை நினைவிற் கொள்க.

1930-ஐ ஒட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு மடல் எழுதும் வழக்கம் அன்று இல்லை. துரையைத் தாயும் தகப்பனும் என்று சொல்லப் பழகியிருந்த காலம் அது. இன்று கம்பெனிகள் தம்மைக் குடும்பம் என்று சொல்லிக் கொள்கின்றன. அன்றும் இன்றும் அக்குடும்பத்தில் பிள்ளையை வெளியேற்றும் உரிமை தகப்பனுக்கு உண்டு. தகப்பனைக் கேள்வி கேட்கும் உரிமை பிள்ளைக்கு இல்லை. குடும்பம் என்னும் சொல்லை நீக்கி, ஒப்பந்தம் என்னும் சொல்லை வைத்தால், மடல்கள் தாமே திருந்தும்.

நிற்க. நம் நோட்டீசுக்கு வருவோம். பிறர் மடலைப் பழித்துவிட்டு நம் எழுத்தை மறைப்பது முறையன்று. அன்று நாம் எழுதியிருக்க வேண்டியது இது: “இத்தோட்டத்துத் துரையாகிய நான் இயந்திரம் வாங்க முடிவு செய்தேன். அதனால் உங்களில் பதினொரு பேரை விலக்குகிறேன். உங்கள் வேலையில் குறை இல்லை. அவரவர்க்கு வரும் தொகை பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறது. இன்ன தேதி வரை வீட்டில் இருக்கலாம்.” ஐந்து வாக்கியம். இதனைத் துரையிடம் எடுத்துச் சென்று, இப்படித்தான் படிப்போம் என்று சொல்லும் துணிவு அன்று நமக்கு இல்லை. அம்மையாரின் கேள்விக்கு, “மேலிடத்து உத்தரவு” என்று மட்டும் சொல்லி நோட்டீசை மடித்தோம். அவர் கூடையை எடுத்துக் கொண்டு போனார்.

மொழி தெரிந்தவன் மறைப்புக்குத் துணை போனால், அக்குற்றத்தில் அவனுக்கும் பங்குண்டு. இனி இத்தகைய மடல் எந்தக் கிராணியின் மேசைக்கு வந்தாலும், தமிழாக்குமுன் அந்நான்கு கேள்விகளையும் துரையிடமே கேட்பாராக. விடை கிடைத்த பின் மொழிபெயர்க்கலாம்.