காடியும் பலகைத் தடிப்பும்: சேர்வராயன் மலைச் சூழலில் ஒரு மதிப்பீடு

சட்டத்தின் உள்விளிம்பில் காடி எனப்படும் பள்ளம் எடுத்து, அதற்குள் பசையோ ஆணியோ இன்றிப் பலகையைச் செருகிவிடும் முறை, ஈரத்துக்கேற்ப உப்பிச் சுருங்கும் மரத்துக்கு அசைய இடங்கொடுப்பதற்காகவே உருவானது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே ஏற்காட்டில் செய்த அலமாரி, 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலுள்ள சேலத்தின் வறண்ட வெயிலுக்கு இறங்கும்போது அந்த இடத்தின் அருமை புலப்படும். ஆயினும் தடிப்பைத் தீர்மானிக்கும்போது உறுதி ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் பழக்கம் வலுவாக இருக்கிறது.

அப்பழக்கத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. காப்பித் தோட்டங்களில் நிழலுக்காகவும் மிளகுக்கொடி படர்வதற்காகவும் வளர்க்கப்படும் சில்வர் ஓக்கை 2 நூல் தடிப்பில் (தச்சர் கணக்கில் 8 நூல் ஓர் அங்குலம்) அகலமாக இழைத்தால், பலகை எளிதில் நெளியும், காடிக்குள் தளர்ந்து கடகடக்கும்; 5 நூல் பலகையோ நிமிர்ந்து நிற்பதோடு ஈரத்தையும் மெதுவாகவே உள்வாங்கும். ஆனால் தடிப்பு அகலச் சுருக்கத்தைத் தடுப்பதில்லை. 16 அங்குல அகலப் பலகை நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினால், அது 2 நூலாயினும் 5 நூலாயினும், ஒரு நூலுக்கு மேல் குறையத்தான் செய்யும்; உப்பும்போது தடித்த பலகை சட்டத்தின் மூட்டுகளை இன்னும் பலமாகத் தள்ளும்.

காடியின் கணக்கும் இதே திசையையே காட்டுகிறது. 6 நூல் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்காகிய 2 நூலுக்குக் காடி எடுப்பது நல்ல வழக்கு. 5 நூல் பலகையை முழுத் தடிப்போடு நுழைக்க முயன்றால் இருபுறமும் அரை நூல் சுவரே எஞ்சும், அது ஓர் இடிக்குக்கூடத் தாங்காது. எனவே நடுவில் 4 அல்லது 5 நூலை நிறுத்தி, விளிம்பை மட்டும் 2 நூலாகச் சரித்து இழைப்பதே சிறந்தது. வேலை கூடும், கழிவும் கூடும். அந்தச் சரிவு காடிக்குள்ளும் தொடர்ந்தால் பலகை ஆப்புப்போல இறுகிவிடுமாதலால், உள்ளே நுழையும் பகுதி சமதளமாக இருக்கவேண்டும்.

தடிப்பைவிட அறுப்பே பெரிது என்றும் சொல்லலாம்: நடுத்தண்டிலிருந்து ஆரப்போக்கில் அறுத்த பலகை, வளையப்போக்கில் அறுத்ததைவிட ஏறத்தாழப் பாதியே அசையும், சில்வர் ஓக்கின் மினுங்கும் திட்டுகளும் அந்த அறுப்பில்தான் வெளிப்படும். 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை அசைவைப் பெரிதும் ஒழித்தாலும் அந்த அழகைத் தராது.

மழைக்காலத்தில் செருகும் பலகை ஏற்கெனவே உப்பியிருப்பதால் காடியில் நெருக்கமாக அமையலாம். கோடையில் செருகுவதற்கு இடைவெளி விடவேண்டும். சட்டத்தில் பொருத்திய பின்னரே வார்னிஷ் பூசிய அலமாரியில், கோடையில் பலகை சுருங்கியதும் காடியோரம் வெளிறிய கோடொன்று தலைகாட்டும். பலகையைப் பசையிட்டு இறுக்கியிருந்தால் அந்தக் கோடு தோன்றாது, ஆனால் பலகையே இழைவாக்கில் நடுவே பிளந்துவிடும்.