தாடியில்லாத கிறிஸ்து

கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தில் சுவர்கள் குறைவு. கண்டிய மரத்தூண்களின் வேலைப்பாட்டைக் கல்லில் செதுக்கி நிறுத்திய தூண்களும், அவற்றின்மேல் அகன்ற கூரையுந்தான் கட்டடம். 1923இல் அடிக்கல் நாட்டி 1935இல் பிரதிஷ்டை செய்தார்கள். இருக்கிற சில சுவர்களில் டேவிட் பெயின்டரின் ஓவியங்கள் உண்டு: செபெதேயுவின் மக்களுடைய தாய் வேண்டுதலோடு வந்து நிற்கிறாள், இயேசு சீடரின் கால் கழுவுகிறார், நல்ல சமாரியன் அடிபட்டவனைத் தாங்குகிறான். நான்காவது, சிலுவை. அதில் தொங்கும் கிறிஸ்துவுக்குத் தாடியே இல்லை. மீசை அரும்பாத மாணவனைப் போன்ற முகம். ஐரோப்பியப் படங்களில் பழகிய கண்களுக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

பெயின்டர் 1900இல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேயர், தாய் சிங்களவர். லண்டன் ராயல் அகாடமியில் பயின்றவர். ஆகவே அவருடைய தூரிகை ஐரோப்பியத் தூரிகை. ஆள்களும் செடிகொடிகளுந்தான் இலங்கை. தாமரைப் பீடமோ முத்திரைகளோ அவருக்குத் தேவைப்படவில்லை.

அவருக்கு இரண்டே வயது இளையவர் கோவாவின் ஆஞ்செலோ ட ஃபொன்சேகா. அவர் நேர் எதிர்த்திசையில் நடந்தார். மருத்துவப் படிப்பை விட்டுவிட்டுச் சாந்திநிகேதனுக்குப் போய் அபனீந்திரநாத் தாகூரிடமும் நந்தலால் போஸிடமும் நீர்வண்ணம் கற்றார். மாதாவைச் சேலை கட்டிய பழுப்பு நிறப் பெண்ணாக வரைந்தார். பெயின்டர் ஆளை மாற்றினார். ஃபொன்சேகா தூரிகையையே மாற்றினார். கோவாவில் எதிர்ப்பு எழ, புனேயில் கிறிஸ்த பிரேம சேவா ஆசிரமம் அவருக்கு இடம் கொடுத்தது. 1967இல் இறக்கும்வரை ஓயாமல் வரைந்தார்.

கலை என்று பார்த்தால் ஃபொன்சேகாவின் மாதாதான் என் மனத்தைப் பறிக்கிறாள். ஆனால் அவருடைய படங்களில் பெரும்பகுதி இன்று கோவாவின் சவேரியார் வரலாற்று ஆய்வு மையத்தில் சேகரிப்பாக இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் தேடிப் போக வேண்டும். பெயின்டரின் படத்தைத் தேட வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள், பௌத்தரும் இந்துக்களும் உட்பட, அதன் அருகே வளர்ந்திருக்கிறார்கள். ஜெபிக்கும் இடத்தில் இருப்பது ஒரு படத்துக்கு எவ்வளவு பெரிய பேறு என்பது எனக்குக் கண்டியில்தான் விளங்கியது. 1968இல் கல்கிசை பரி தோமாவின் கல்லூரிச் சிற்றாலயத்துக்கும் பெயின்டர் கிறிஸ்துவின் மறுரூப ஓவியம் தீட்டிக் கொடுத்தார்.

இந்தியாவில் சுவரேறிய முயற்சிகள் இல்லாமல் இல்லை. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் என்னும் கிறிஸ்தவ ஆசிரமத்தின் கோபுரத்தில் திரியேகக் கடவுள் மும்முகத்தோடு நிற்கிறார். அழகுதான். ஆனால் எந்தக் கோபுர வாசலில் தங்கள் பாட்டன் பூட்டன்மார் நிறுத்தப்பட்டார்களோ, அதே கோபுரத்தைச் சபைக்குள் ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டபோது, அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆந்திரத்து லுத்தரன் போதகர் பி. சாலமன் ராஜ் பாத்திக்கிலும் மரச்செதுக்கு அச்சிலும் ஏழைகளின் இயேசுவை வரைந்தார். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் அவருடைய படங்கள்.

ஓவியர்களும் இறையியலாரும் முட்டிமோதிக்கொண்டிருந்ததை எளிய ஜனங்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். வேளாங்கண்ணியில் மாதாவுக்கு நேர்த்திக்கடனாகச் சேலை சாத்துகிறவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இலங்கையில் சொரூபத்தோடு உள்ள உறவில் இன்னொரு பழைய வலியும் சேர்ந்திருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து கோயில்களைப் பறித்தார்கள். சொரூபம் ஒளித்துக் காக்கப்படும் பொருளாயிற்று. 1670இல் மாந்தையிலிருந்து ஓடிய குடும்பங்கள் மாதாவையும் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போயின. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது குருமார் அதே சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். இடம்பெயர்ந்த ஜனங்களோடு மாதாவும் இடம்பெயர்ந்தாள். ஆகஸ்டில் மடுவுக்குத் திரும்பி வந்தாள்.