லினக்ஸில் வாட்ஸ்அப்: ஜாப்ஜாப் நம்பிக்கைக்கு உரியதா?

விண்டோஸுக்கும் மேக்குக்கும் 2016-லேயே டெஸ்க்டாப் செயலி கொடுத்துவிட்ட வாட்ஸ்அப், லினக்ஸ்காரர்களை இன்னும் கண்டுகொள்ளவில்லை. பிரவுசரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்துகொள்ளுங்கள் என்பதோடு சரி. அந்த இடத்தில் புகுந்தவைதான் அதிகாரபூர்வமற்ற செயலிகள். என் உபுண்டுவில் அன்றாடம் ஓடிக்கொண்டிருப்பது ஜாப்ஜாப். பிரேசில்காரர் ஒருவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. ஃபிளாட்ஹப்பில் ஃபிளாட்பேக் தொகுப்பாக இலவசமாகக் கிடைக்கிறது.

உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை. குரோமியத்தின் மேல் எழுந்த க்யூட்டி வெப்எஞ்சினைக் கொண்டு, அதே வாட்ஸ்அப் வெப் பக்கத்தைத் தனி விண்டோவில் காட்டுகிறது. சுற்றிலும் பைத்தானில் எழுதிய ஓர் உறை, அவ்வளவுதான். போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் உரையாடல்கள் வந்து நிரம்பிவிடும். அதன்பின் போனில் நெட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் போனில் வாட்ஸ்அப்பை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் இங்கேயும் வெளியே தள்ளிவிடும்.

அதே பக்கம்தான் என்றால் பிரவுசர் டேப் போதாதா? போதும்தான். ஆனால் முப்பது டேப்களுக்கு நடுவே வாட்ஸ்அப்பைத் தேடி அலைபவருக்கு வித்தியாசம் முதல் நாளே தெரியும். விண்டோவை மூடினாலும் செயலி சிஸ்டம் ட்ரேயில் உட்கார்ந்திருக்கும். செய்தி வந்தால் அறிவிப்பு எட்டிப் பார்க்கும். அலுவலக எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒரே செயலியில் அருகருகே வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இதைக் கைவிடாமல் இருக்கிறேன். ட்ரே மட்டும் உங்கள் டெஸ்க்டாப்பைப் பொறுத்தது. கேடிஇ-யில் அப்படியே தெரியும், உபுண்டுவிலும் தெரியும். ஃபெடோராவின் க்னோமில் தனியாக ஒரு நீட்சியை நிறுவ வேண்டும்.

தொல்லைகளும் உண்டு. இது முழு பிரவுசர் ஒன்றைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் செயலி என்பதால் நினைவகத்தில் சில நூறு மெகாபைட்டைச் சாதாரணமாக விழுங்கும். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் குரோமும் கூடவே ஓடினால் கணினி திணறும். ஃபிளாட்பேக் போட்ட வேலியால், கோப்பை இழுத்துப் போட்டு அனுப்புவது எல்லாக் கோப்புறையிலிருந்தும் நடக்காது. இணைப்புப் பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுத்தால் சிக்கலில்லை. குரல், வீடியோ அழைப்புகளுக்கு இதை நம்பி உட்காராதீர்கள், போனையே எடுங்கள். வாட்ஸ்அப் தன் பக்கத்தை மாற்றினால் உறைக்குள் இருக்கும் எஞ்சினும் ஈடுகொடுக்க வேண்டும். அதனால் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

பாதுகாப்புக்கு வருவோம். அதிகாரபூர்வமற்றது என்றதும் ஜிபி வாட்ஸ்அப் போன்றவற்றோடு இதையும் சேர்த்துப் பயப்படுகிறார்கள். அவை வாட்ஸ்அப் செயலியையே மாற்றித் தைத்தவை. அவற்றைப் பயன்படுத்தினால் கணக்கைத் தற்காலிகமாக முடக்குவோம் என்று வாட்ஸ்அப் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஜாப்ஜாப் திறப்பது வாட்ஸ்அப்பின் சொந்தப் பக்கத்தை. விண்டோஸுக்கான அதிகாரபூர்வச் செயலியே 2025-இல் இப்படி வலைப்பக்கத்தை உறையிட்டுக் காட்டும் முறைக்கு மாறிவிட்டது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் நம்ப முடியாது. முனைக்கு முனை மறையாக்கம் செய்தியை வழியில்தான் காக்கும். திரையில் விரிந்தபின் நீங்கள் படிப்பதையெல்லாம் உறையும் படிக்க முடியும். ஜாப்ஜாப்பின் மூலநிரல் திறந்து கிடப்பது இங்கே பெரிய ஆறுதல். மூலநிரல் காட்டாத, யார் எழுதியதென்றே தெரியாத உறைகள் இணையத்தில் ஏராளம். அவற்றின் பக்கமே போகாதீர்கள். இதைக்கூட ஃபிளாட்ஹப்பிலிருந்தோ திட்டத்தின் கிட்ஹப் பக்கத்திலிருந்தோ மட்டும் இறக்குங்கள். பலர் கைவைக்கும் கணினியில் இதை நிறுவவே வேண்டாம்.

ராம் தாராளமாக இருந்து, இரண்டு எண்களோடு லினக்ஸில் வேலை பார்ப்பவர் என்றால் தயங்காமல் போடலாம். ஒரே எண், பழைய லேப்டாப் என்றால் பிரவுசர் டேப்பே மேல். பிடிக்கவில்லை என்று பின்னால் நீக்குவதானால், செயலியை அழிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைத் திறந்து, அங்கிருந்தும் அதை வெளியேற்றிவிடுங்கள்.