தேக்சாவின் உட்புறம்: புழங்குபொருள் ஆய்வுகளில் விடுபடும் ஈயப்பூச்சு

முன்னுரை

தமிழக உலோகக்கலை ஆய்வுகள் பெரும்பாலும் சோழர் காலச் செப்புத்திருமேனிகளையே மையமாகக் கொண்டுள்ளன. சமையற்கலன்கள் ஆராயப்படும்போதும் அவற்றின் வடிவம், வார்ப்புமுறை, அலங்காரம் ஆகியனவே கருத்தில் கொள்ளப்படுகின்றன. இவ்வணுகுமுறையின் போதாமையை, வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் விருந்துச் சமையலுக்குப் பயன்பட்டுவரும் செம்புத் தேக்சாவைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவம் சார்ந்த நோக்கு

வடிவ ஆய்வு பயனற்றதன்று. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த வெண்கலக் கலன்களின் மூடிகளில் விலங்கு, பறவை உருவங்கள் காணப்படுகின்றன. ஈமப்பொருள்களான அவற்றுக்கு வடிவமே முதன்மைச் சான்று. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால வெண்கலப் பானைகளின் மூன்று கால்களும் அவை தணலின்மேல் நின்றமையை உணர்த்துகின்றன. தேக்சாவோ ஒப்பனையற்றது. ‘சிறுபானை’ எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்த பெயர், ஆம்பூரில் பெரும் பிரியாணிக் கலனுக்கு வழங்குகிறது. இதன் வரலாறு புறவடிவில் இல்லை, உட்புறத்தில் உள்ளது.

பூச்சும் சொல்லும்

தயிர், எலுமிச்சை, தக்காளி ஆகியவற்றின் புளிப்பு செம்பைக் கரைக்கும். ஆதலின் கலனைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சினால் உட்புறம் முழுதும் தேய்ப்பர். இப்பூச்சு புழக்கத்தில் தேயும், மீண்டும் பூசப்படும். எனவே ஒரே கலனின் புறத்திற்கும் அகத்திற்கும் வயது வேறு. கலனுக்கு ஒற்றைக் காலம் குறிக்கும் பட்டியல் முறை இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது.

சொல்வழக்கும் கவனத்திற்குரியது. ‘ஈயம்’ என்னும் சொல் வெள்ளீயம், காரீயம் இரண்டையும் குறிக்கும். ஈயச்சொம்பும் ஈயப்பூச்சும் வெள்ளீயத்தால் அமைவன. காரீயம் நச்சுத்தன்மை உடையது. பூச்சில் காரீயம் கலந்தால் உணவும் நஞ்சாகும். அடையின்றி ‘ஈயம்’ என்று மட்டும் பதிவது மொழிக்குறை மட்டுமன்று; கலனின் தன்மையையே திரித்துவிடும்.

முடிவுரை

அலுமினியமும் எவர்சில்வரும் பரவியபின் ஈயம் பூசுவோர் அருகிவருகின்றனர். பழங்கலன்கள் துலக்கப்பட்டு வரவேற்பறை அலங்காரங்களாகும்போது உட்பூச்சின் தடயமும் அழிகிறது. பூச்சின் உலோகம், அதைப் புதுப்பித்த கால இடைவெளி, பூசியவரின் தொழில்முறை ஆகியன கலன்வடிவத்துடன் சேர்த்துப் பதிவுசெய்யப்பட வேண்டும். அவ்வாறு செய்யாத ஆய்வு, கலனைப் பற்றிப் பேசினும் சமையலைப் பற்றியும் அதைப் பேணிய உழைப்பைப் பற்றியும் ஏதும் கூறுவதாகாது.