பேய்தான், ஆனாலும் நம்ம பேய்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் இரண்டு ஊர்கள் எனக்கு இரண்டு பேய்களை நினைவூட்டும். பம்மல், நாடகாசிரியர் சம்பந்த முதலியாரின் (1873–1964) பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கி, அப்பாவின் ஆவியைத் தமிழ் மேடையில் நடமாடவிட்டவர் அவர். அவருடைய 'வேதாள உலகம்' 1948இல் ஏவி.எம். படமாக வந்தது. 'பேயல்ல பெண்மணியே' என்றும் அவருக்கு ஒரு நாடகம் உண்டு.

சாலையின் அந்தக் கோடியில் சேக்கிழாரின் குன்றத்தூர். பெரியபுராணத்துக் காரைக்கால் அம்மையார் விஷயத்தில் 'பேயல்ல' என்ற சமாதானத்துக்கே இடமில்லை. அழகான உடம்பை உதறிவிட்டுப் பேய் வடிவத்தை அவரே கேட்டு வாங்குகிறார். பார்த்தவர்கள் அஞ்சி ஓடுகிறார்கள். கயிலையில் சிவன், உமையிடம் அவரைத் தாய் என்று சொல்லி, 'அம்மை' என்று அழைக்கிறார். உருவம் மாறவில்லை, உறவு கிடைத்துவிட்டது.

பேயல்ல என்று காட்டிச் சேர்த்துக்கொள்வது எளிது. பேயாகவே சேர்த்துக்கொள்வது கடினம். தமிழ்ச் சிறார் இலக்கியம் பெரும்பாலும் எளிய வழியிலேயே நடந்திருக்கிறது.

அதற்குக் காரணமும் உண்டு. சோறு ஊட்டப் பூச்சாண்டி, தூங்கவைக்க முனி என்றிருந்த வீடுகளில் பேயை ஒழிப்பதே முதல் வேலையாக இருந்தது. மரத்திலும் குளத்திலும் பேய் கண்டு நடுங்குவோரைப் பாரதி பாடிச் சாடினார். பிள்ளைகளைப் பேய்க்கதை சொல்லி மிரட்டுவோரை நம்பாதே என்று பட்டுக்கோட்டையார் 'அரசிளங்குமரி' (1961) பாட்டில் சின்னப் பையனுக்குப் புத்தி சொன்னார். சிறுவர் கதைகளும் அதே தடத்தில் போயின. கடைசிப் பத்தியில் பேய், வெள்ளை வேட்டி போர்த்திய திருடனாகிவிடும்; இல்லையென்றால் காற்றில் ஆடிய வாழையிலையாகிவிடும். பயம் போனது நல்லதுதான். ஆனால் நம்மைப் போல் இல்லாத ஒன்றோடு எப்படிப் பழகுவது என்ற கேள்வியும் அதோடு போய்விட்டது.

அந்தக் கேள்வியைத் தோளில் சுமந்தது 'அம்புலிமாமா'. 1947இல் தொடங்கிய இதழ். அதன் விக்கிரமாதித்தன்-வேதாளம் தொடருக்குப் படம் போட்டவர் ஓவியர் சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன், 2020இல் மறைந்தார், மறு ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்தத் தலைப்புப் படத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இருட்டு, மண்டை ஓடு, உருவிய வாள். தோளில் துணிமூட்டை போலத் தொங்கும் பிணம். ராஜாவின் நடையில் வேகம் உண்டு, முகத்தில் அருவருப்பு இல்லை. களைத்துத் தூங்கிவிட்ட பிள்ளையைத் திருவிழாவிலிருந்து தூக்கி வருபவரின் பொறுமை அது.

மூலக்கதை இந்த உறவை முடித்தும் வைக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில், கதைகள் எல்லாம் முடிந்ததும், பிணத்தைத் தூக்கிவரச் சொன்ன துறவியின் வஞ்சகத்தை வேதாளமே சொல்லி ராஜாவின் உயிரைக் காப்பாற்றுகிறது. மனிதன் ஏமாற்றுகிறான், பிணத்தில் இருந்த பேய் நண்பனாகிறது. அம்புலிமாமாவிலோ புதுப்புதுக் கதைகள் சேர்ந்து தொடர் பல பத்தாண்டுகள் ஓடியது. கேள்விக்குப் பதிலாக ராஜா வாய் திறந்ததும் வேதாளம் மறுபடி மறுபடி முருங்கைமரம் ஏறியதால், நட்பு வரை வாசகர்கள் போய்ச் சேரவே இல்லை.

பிறகு வந்தவர்கள் வேதாளத்துக்கு வேறு வேலை கொடுத்தார்கள். இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' (பால சாகித்ய புரஸ்கார், 2014) அதை அறிவியல் பக்கம் அழைத்துவந்தது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (பால சாகித்ய புரஸ்கார், 2020) இன்னொரு படி மேலே போனது. பொம்மை பேசினால் சினிமாவில் அலறுவோம். இங்கே வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை ஒரு சிறுமி அந்தப் பொம்மையிடம்தான் சொல்கிறாள்.

படப்புத்தகங்களிலும் ஏற்பு வந்திருக்கிறது, பேய் வரவில்லை. சென்னை தூலிகா பதிப்பகம் வெளியிட்ட தாரிணி விஸ்வநாத்தின் பூனை தேடும் கதையில், நான்சி ராஜின் படங்களில் சிறுமி சக்கர நாற்காலியில் இருக்கிறாள். கதை அதைப் பற்றி மூச்சுவிடாமல் பூனையைத் தேடிப் போகிறது. அமெரிக்காவில் மாரிஸ் செண்டாக் 1963லேயே ஒரு பையனைக் கோரைப்பல் பூதங்களோடு கும்மாளம் போடவைத்தார். அந்தத் துணிச்சலும் இந்த மௌனமும் ஒரே தமிழ்ப் புத்தகத்தில் சேர வேண்டும். பேயோடு பழகினாலும் பிரிவது துன்பம் என்று பழமொழி நானூறு காலத்திலேயே சொன்ன மொழிக்கு இது பெரிய காரியமல்ல.

போன மாதம் பம்மல் வீட்டு மொட்டைமாடியில் அக்கா மகளுக்குப் பழைய அம்புலிமாமா ஒன்றைப் படித்துக்காட்டினேன். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று தலைக்கு மேல் போக, வேதாளத்தின் கேள்வி சத்தத்தில் அமுங்கிப்போனது. அது ஓய்ந்ததும் கேட்டாள்.

"அது ஏன் மாமா மரத்துக்கே ஓடுது?"

"ராஜா வாயைத் திறந்துட்டாருல்ல, அதான்."

"போ மாமா. தோள்லயே இருந்தா சுடுகாடு வந்துடும், இவரு இறக்கி விட்டுட்டுப் போயிடுவாரு. மரத்துக்குப் போனாத்தானே திரும்பக் கூட்டிட்டுப் போக வருவாரு."