நான்கு எழுத்தில் அடங்குமா நேரத்தின் மூலம்?

இணையத்தில் இருக்கும் நேர சர்வரிடம் ஒரு கணினி மணி கேட்கும்போது, சர்வர் மணியை மட்டும் சொல்வதில்லை. அந்த மணி தனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் ஒரு சிறு குறியீட்டால் தெரிவிக்கிறது. ரெஃப் ஐடி என்று அழைக்கப்படும் அந்தப் புலத்தின் அளவு 32 பிட், அதாவது நான்கு எழுத்து. வங்கிப் பரிமாற்றமும் சர்வர் பதிவுகளும் சைபர் குற்ற விசாரணையும் சரியான நேரத்தை நம்பியிருக்கும் இன்றைய நிலையில், இந்த நான்கு எழுத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது முக்கியமான கேள்வி.

கணினிகளின் நேரத்தை ஒத்திசைக்கும் என்.டி.பி. நெறிமுறைக்கு டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்ட முதல் ஆவணத்திலேயே இந்தப் புலம் உண்டு. 2010இல் வந்த ஆர்.எஃப்.சி. 5905 என்னும் இணையத் தர ஆவணம் அதை விரிவாக்கியது. அணுக் கடிகாரம், செயற்கைக்கோள், வானொலி போன்ற மூலங்களிலிருந்து நேரடியாக நேரம் பெறும் சர்வர் முதல் அடுக்கைச் சேர்ந்தது. அது ‘ஜி.பி.எஸ்.’, ‘டி.சி.எஃப்.’ என்பது போல மூலத்தின் பெயரைத் தரும். இரண்டாம் அடுக்கிலிருந்து அதே புலத்தில் மேலே உள்ள சர்வரின் ஐ.பி. முகவரி இடம்பெறும். அது ஐ.பி.வி.6 முகவரியாக இருந்தால் நான்கு பைட்டில் அடங்காது என்பதால், அதன் எம்.டி.5 சுருக்கத்தின் முதல் நான்கு பைட்டுகள் வரும். சர்வர் சேவை தர மறுக்கும்போது, ‘அடிக்கடி கேட்காதே’, ‘அனுமதி இல்லை’ என்னும் பொருளுள்ள குறியீடுகளும் இதே இடத்தில்தான் வருகின்றன.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு அதன் சிக்கனம். 48 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தில் நான்கே பைட்டைச் செலவிட்டு இரண்டு வேலைகளை முடிக்கிறது. ஒன்று, நிர்வாகிக்கு ஒரே பார்வையில் மூலத்தைக் காட்டுகிறது. ‘எல்.ஓ.சி.எல்.’ என்று தெரிந்தால், அந்த சர்வர் வெளியே எதையும் கேட்காமல் தன் சொந்தக் கடிகாரத்தையே நம்பி ஓடுகிறது என்று உடனே உஷாராகிவிடலாம். இரண்டு, தன்னிடமிருந்தே நேரம் வாங்கிய சர்வரிடம் திரும்பப் போய் நேரம் கேட்கும் வளையத்தைத் தவிர்க்கிறது. கூகுளின் பொது நேர சர்வர்கள் ‘ஜி.ஓ.ஓ.ஜி.’ என்று அறிவிப்பதும் பயனுள்ளதே. லீப் நொடியை அவை ஒரே தாவலாகச் சேர்க்காமல் 24 மணி நேரத்தில் பரப்பிச் சேர்ப்பவை. அவற்றை மற்ற சர்வர்களோடு கலக்கக் கூடாது என்பதை இந்தக் குறியீட்டைப் பார்த்து உணரலாம்.

குறைகள் அந்தச் சிக்கனத்திலிருந்தே கிளைக்கின்றன. முதலாவது, குறியீட்டுப் பட்டியலில் வகைகள் குழம்பிக் கிடக்கின்றன. ‘ஜி.பி.எஸ்.’ ஒரு செயற்கைக்கோள் அமைப்பு. ‘பி.பி.எஸ்.’ என்பதோ நொடிக்கு ஒருமுறை வரும் துடிப்பு; அது ரூபிடியக் கடிகாரத்திலிருந்து வருகிறதா, சாதாரண ஜி.பி.எஸ். கருவியிலிருந்து வருகிறதா என்று சொல்லாது. ‘என்.ஐ.எஸ்.டி.’ ஒரு நிறுவனத்தின் பெயர். பட்டியலில் அதற்குத் தந்திருக்கும் பொருள் தொலைபேசி மோடம் சேவை.

இரண்டாவது, பட்டியல் காலத்தோடு நகரவில்லை. அமெரிக்காவின் கோயஸ் செயற்கைக்கோள் நேரச் சேவை 2004 முடிவோடு நின்றது. லோரான்-சி ஒலிபரப்பை அந்நாடு 2010 பிப்ரவரியில் நிறுத்தியது. இரண்டுக்கும் அதே ஆண்டு ஜூனில் வந்த ஆர்.எஃப்.சி. 5905இல் குறியீடு இருக்கிறது. ஐரோப்பாவின் கலிலியோவுக்கும் இருக்கிறது. ரஷ்யாவின் குளோனாஸ், சீனாவின் பெய்டோ, இஸ்ரோவின் நாவிக் மூன்றுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே அவற்றைப் பயன்படுத்துவோர் தங்களுக்குத் தோன்றிய எழுத்துகளை இட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது குறை இன்னும் ஆழமானது. குறியீட்டை எழுதுபவர் சர்வரின் நிர்வாகி; என்.டி.பி.டி., குரோனி ஆகிய நேர மென்பொருள்களில் அதை ஒரே வரியில் மாற்றிவிடலாம். 2020இல் வந்த என்.டி.எஸ். பாதுகாப்பு முறை, பதில் அந்த சர்வரிடமிருந்துதான் வந்தது என்பதை உறுதிசெய்யும். சர்வர் தன் மூலத்தைப் பற்றிச் சொல்வது உண்மையா என்பதை உறுதிசெய்யாது. பெயர் உண்மையாகவே இருந்தாலும் நேரம் சரியாக இருக்கும் என்பதில்லை. 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இரு சர்வர்கள் சிறிது நேரம் 2000ஆம் ஆண்டை அறிவித்தன. அவற்றை நம்பியிருந்த அலுவலக வலையமைப்புகள் பல தடுமாறின.

நான்காவது, சுதந்திரமான சாட்சிகள் எத்தனை என்பது தெரியாமல் போகிறது. தவறான கடிகாரத்தை ஒதுக்க, கணினி பல சர்வர்களைக் கேட்டுப் பெரும்பான்மையை ஏற்கிறது. ஒரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான்கு பேர் மணி சொன்னால் அது நான்கு சாட்சியாகாது. நான்கு சர்வர்களும் ஜி.பி.எஸ்.ஸையே நம்பியிருந்தால் அதே கதிதான். 2016 ஜனவரி 26 அன்று ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சில 13.7 மைக்ரோ நொடி பிழையான தகவலை ஒலிபரப்பின. பிழை சிறிதென்றாலும், ஒரே மூலத்தில் நேர்ந்த தவறு உலகெங்கும் ஒரே சமயத்தில் பரவும் என்பதை அது காட்டியது. இரண்டாம் அடுக்கு சர்வரிடம் கேட்பவருக்கு மேலே உள்ள சர்வரின் முகவரி தெரியும். அடிப்படை மூலம் எதுவென்று தெரியாது.

வளையத்தைத் தடுக்கும் வேலையிலும் ஓட்டை உண்டு. இருவருக்கிடையே உண்டாகும் வளையம் பிடிபடும்; மூவர் சேர்ந்தால் தப்பிவிடும். ஒரே சர்வருக்கு ஐ.பி.வி.4, ஐ.பி.வி.6 என இரண்டு முகவரிகள் இருந்தால், தன்னையே தான் அடையாளம் காணத் தவறலாம். போதாததற்கு, யாரிடம் நேரம் வாங்குகிறோம் என்பதை இந்தப் புலம் தாக்குபவனுக்கும் காட்டிக்கொடுக்கிறது.

இந்தக் குறைகள் இந்தியாவுக்கும் நேரடியாகப் பொருந்தும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ பிறப்பித்த உத்தரவு, தேசிய தகவலியல் மையம் (என்.ஐ.சி.) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றை மூலமாகக் கொண்டவற்றோடு, கணினிக் கடிகாரங்களை இணைக்கச் சொல்கிறது. ‘மூலமாகக் கொண்டது’ என்பதை நிறுவ ரெஃப் ஐடி போதாது. அமைப்புக் கோப்புகளும் கண்காணிப்புப் பதிவுகளும் தேவை.

ஒரு புலத்தின் மேல் இரண்டு வேலைகளைச் சுமத்தியதுதான் பிழையின் வேர். என்.டி.பி.யின் ஐந்தாம் பதிப்புக்கான வரைவு, வளையத்தைக் கண்டறிய முகவரியைச் சாராத தனி அடையாளத்தை முன்வைப்பது சரியான திசை. மூலத்தின் பெயருக்கும் தனி இடமும் வகைப்படுத்திய, உயிர்ப்புள்ள பட்டியலும் வேண்டும். அதுவரை நிர்வாகிகள் செய்யக்கூடியவை உண்டு. குறியீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூலங்களைக் கொண்ட நான்கு சர்வர்களையாவது தேர்ந்தெடுங்கள். அந்த நான்கு எழுத்தைத் தகவலாக வாசியுங்கள், சான்றாக ஏற்காதீர்கள்.