கூலன்ட் டப்பாவில் எழுதியிருப்பதும் எழுதாமல் விட்டதும்

வாட்டர் பம்ப் புதுசு. ரேடியேட்டர் புதுசு. தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் மாத்தியாச்சு. பெரிய பில் ஒன்றும் கைக்கு வந்தாச்சு. எல்லாம் முடிந்த பிறகு மெக்கானிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், பச்சை ஊத்தவா, சிவப்பு ஊத்தவா?"

கேட்கிறவர் மேல் எனக்குக் கோபமில்லை. கடைக்காரர் அப்படித்தான் விற்கிறார், யூட்யூபில் அப்படித்தான் சொல்கிறார்கள். பச்சை பழசு, சிவப்பு புதுசு, நீலம் ஜப்பான் வண்டிக்கு என்று ஒரு வாய்ப்பாடே இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வாய்ப்பாட்டைப் பற்றியும், அதை வளர்த்துவிடும் டப்பா லேபிள்களைப் பற்றியும்தான். லேபிளையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் நழுவுகிறது என்று பார்க்கலாம்.

முதலில் நிறம். கூலன்டின் நிறம் என்பது வெறும் சாயம். லீக் ஆனால் கண்ணுக்குத் தெரியவும், யாரும் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடாமல் இருக்கவும் சேர்ப்பது. எந்த ரசாயனத்துக்கு எந்த நிறம் என்று உலகம் முழுக்கச் செல்லும் விதி எதுவும் கிடையாது. ஃபோக்ஸ்வாகனின் பழைய ஜி11 நீலப்பச்சை. ஹோண்டாவின் டைப் 2 நீலம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு குடும்பம் மாதிரி தெரியும். ஆனால் ஜி11-ல் சிலிகேட் உண்டு, பாஸ்பேட் கிடையாது. ஹோண்டாவில் பாஸ்பேட் உண்டு, சிலிகேட் கிடையாது. நிறம் பார்த்து வாங்குகிறவர் நேர் எதிரான ஒன்றை வாங்கி வந்துவிடலாம்.

அது ஏன் அப்படி என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. ஐரோப்பாவில் பல இடங்களில் கடின நீர், கால்சியம் அதிகம். பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்தால் ரேடியேட்டர் குழாய்க்குள் வெள்ளைப் படிவு கட்டும். அதனால் அவர்கள் பாஸ்பேட்டை ஒதுக்கினார்கள். ஜப்பான்காரர்கள் சிலிகேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கிறது என்று அதை ஒதுக்கினார்கள். அங்கே தண்ணீர் மென்மையானது, அதனால் பாஸ்பேட் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆக, ஒரு நாட்டின் கிணற்றுத் தண்ணீர் அந்த நாட்டு காரின் கூலன்டைத் தீர்மானித்திருக்கிறது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சாலையில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பான், கொரியா வம்சம். ஒர்க்‌ஷாப்பில் ஓடுவதோ போர் தண்ணி. பாஸ்பேட் கூலன்டின் கான்சன்ட்ரேட்டை வாங்கி, அதில் வேளச்சேரி போர் தண்ணியைக் கலந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதிலிருந்தே புரியும். பக்கெட்டின் அடியில் படியும் அதே வெள்ளை, குண்டூசித் தடிமன் குழாய்களுக்குள் படியும். போர் தண்ணியில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தை அரிப்பது தனிக் கதை. சரியான கூலன்டைத் தப்பான தண்ணீரில் கலப்பது, தப்பான கூலன்டை ஊற்றுவதற்குக் கிட்டத்தட்ட சமம். டிஸ்டில்ட் வாட்டர்தான் வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். (ஆசிட் அல்ல, தண்ணீர். அழுத்திச் சொல்லிக் கேளுங்கள்.)

அடுத்தது 'எல்லா கார்களுக்கும், எல்லா மாடல்களுக்கும்' என்ற வரி. நான் பார்த்த லேபிள்களில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது இதுதான். 'கலக்கலாம்' என்பதும் 'காக்கும்' என்பதும் வேறு வேறு. பெரும்பாலான யுனிவர்சல் கூலன்ட் எதனுடன் கலந்தாலும் உடனே கெட்டியாகாது, உண்மைதான். ஆனால் கலந்த பிறகு எந்தத் தடுப்பான் எவ்வளவு மிச்சம் இருக்கும், எத்தனை வருஷம் தாங்கும் என்று அந்த வரி சொல்வதில்லை. ஐந்து வருஷக் கூலன்டில் இரண்டு வருஷக் கூலன்டை ஊற்றினால், அது இரண்டு வருஷக் கூலன்ட் என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

உடனே கெட்டியாகும் ஜோடிகளும் இருந்தன. ஃபோக்ஸ்வாகன் முதலில் கொண்டுவந்த சிவப்பு ஜி12-ஐப் பழைய ஜி11-உடன் கலக்கக் கூடாது, டாங்கில் பழுப்பு நிறம் தெரிந்தால் முழுதும் மாற்று என்று அந்த நிறுவனமே எச்சரித்தது. பிறகு வந்த ஜி12 பிளஸ்ஸை இரண்டுடனும் சேரும்படி செய்தார்கள். பெயரில் ஒரு கூட்டல் குறிதான் வித்தியாசம்.

இன்னும் பெரிய கதை ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்கூல். தொண்ணூறுகளின் நடுவில், ஐந்து வருஷம் தாங்கும் என்ற வாக்குறுதியுடன் வந்த ஆரஞ்சு நிறக் கூலன்ட். சில வருஷங்களில் இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஒழுகல், ரேடியேட்டர் மூடிக்கு அடியில் துருச்சேறு என்று புகார்கள் குவிந்து, கூட்டு வழக்குகளாகி, சமரசத்தில் முடிந்தன. கூலன்டே குற்றவாளி என்பது ஒரு கட்சி. அளவு குறைந்து காற்று புகுந்த சிஸ்டத்தில்தான் சேறு கட்டியது, கேஸ்கெட் வடிவமைப்பும் சரியில்லை என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது வாதம் கொஞ்சம் கூடுதலாகப் படுகிறது, ஏனென்றால் அதே டெக்ஸ்கூல் பிற்காலத்து எஞ்சின்களில் சத்தமில்லாமல் ஓடியது. ஆனால் நீண்ட ஆயுள் என்று எழுதினால் ஜனங்கள் பானெட்டைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

சரி, லேபிளின் பொடி எழுத்துக்கு வருவோம். நம்ம ஊர் டப்பாக்களில் வழக்கமாகத் தென்படும் பெயர்கள் மூன்று: ஐஎஸ் 5759, ஜேஐஎஸ் கே 2234, ஏஎஸ்டிஎம் டி3306. ஏதாவது ஒன்று இருப்பது ஒன்றுமே இல்லாததைவிட நல்லது. ஆனால் மூன்றாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். டி3306 ஒரு கான்சன்ட்ரேட்டுக்குப் பொருந்துவது, அதைத் தண்ணீரில் 40 முதல் 60 சதவீதம் வரை கலக்கும்போது. ரெடிமிக்ஸ் என்றால் குறைந்தது 50 சதவீதம். இப்போது அதே டப்பாவின் பின்பக்கம் 'ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர்' என்று இருந்தால்? கணக்குப் போட்டால் 25 சதவீதம். முன்பக்கம் சொன்ன தரத்தைப் பின்பக்கம் கலைத்துவிடுகிறது. பொய் என்று சொல்ல மாட்டேன். டப்பாவுக்குள் இருக்கும்போது அது தரமானதுதான், உங்கள் ரேடியேட்டருக்குள் போன பிறகுதான் இல்லை.

"இங்கே என்ன பனியா பெய்யுது, 25 போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது சென்னைக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லாத தகவல். வெப்பத்தைச் சுமப்பதிலும் வெறும் தண்ணீர்தான் கிளைகாலைவிடக் கெட்டி. ஆனால் துருத் தடுப்பான் தனியாக வருவதில்லை, கிளைகாலோடு கலந்துதான் வருகிறது. ஒன்றைப் பாதியாக்கினால் மற்றதும் பாதி. நமக்கு வேண்டியது உறையாமை அல்ல, அரிக்காமை. அதற்காகத்தான் இந்த 40, 50 கணக்கு. அதற்காக நூறு சதவீதம் ஊற்றுவதும் மடத்தனம், சூடு சரியாக இறங்காது.

ரிப்பேருக்குப் பிறகு ஊற்றும்போது யாருமே சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. சிஸ்டத்தின் கொள்ளளவு 5 லிட்டர் என்று வைப்போம். ஃப்ளஷ் செய்து வடித்தாலும் எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் ஒரு 2 லிட்டர் தண்ணீர் நின்றுவிடும். மீதி இடத்தில் 3 லிட்டர் ரெடிமிக்ஸ் பிடிக்கும். அதில் கிளைகால் ஒன்றரை லிட்டர். ஐந்தில் ஒன்றரை, அதாவது 30 சதவீதம். டப்பாவில் 50 என்று போட்டிருக்கும், பில்லிலும் அதுவே இருக்கும், வண்டியில் 30 ஓடும். இந்த இடத்தில் கான்சன்ட்ரேட்தான் சரி. இரண்டரை லிட்டர் கான்சன்ட்ரேட், அரை லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர். கடைசி ஃப்ளஷ்ஷும் டிஸ்டில்டில் இருந்தால் உள்ளே நிற்கும் 2 லிட்டரும் சுத்தம். சந்தேகமிருந்தால் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, எஞ்சின் ஆறிய பிறகு ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். சிவப்பா பச்சையா என்ற விவாதத்தைவிட அந்தச் சொட்டு அதிகம் சொல்லும்.

கையேடுகளையும் விட்டுவைக்கக் கூடாது. 'ஒரிஜினல் கூலன்ட் மட்டுமே பயன்படுத்தவும்' என்று முடித்துக்கொள்பவை சோம்பேறிக் கையேடுகள். டொயோட்டா கொஞ்சம் நேர்மை. தங்கள் கூலன்ட் கிடைக்காவிட்டால் எத்திலீன் கிளைகால் அடிப்படையில் சிலிகேட், அமைன், நைட்ரைட், போரேட் நான்கும் இல்லாத, ஆர்கானிக் அமில ஹைப்ரிட் வகையைத் தேடு என்கிறது. இந்த 'இல்லாத' பட்டியலில் பாஸ்பேட் வரவில்லை, கவனித்தீர்களா? அதில் பாஸ்பேட் இருக்கிறது, அதனால்தான். இப்படி ஒரு வாக்கியம் கையில் இருந்தால் எந்தக் கடையிலும் நிறம் கேட்காமல் வாங்கலாம். ஆனால் இதற்குப் பதில் சொல்லும் லேபிள்தான் நம்மிடம் இல்லை. பெரும்பாலான டப்பாக்களில் சிலிகேட் உண்டா, பாஸ்பேட் உண்டா என்ற ஒரு வரி கிடையாது. பிஸ்கட் பாக்கெட்டில்கூட என்ன மாவு என்று போடுகிறார்கள்.

அதனால் நடைமுறையில் நான் செய்வது: கையேட்டில் உள்ள வகை எது என்று பார்ப்பேன், அதே கார் கம்பெனியின் டப்பா கிடைத்தால் அதையே வாங்குவேன். சில நூறு ரூபாய் கூட ஆகும், ஆகட்டும். வெளி பிராண்ட் என்றால் அந்தக் கம்பெனியின் தொழில்நுட்பத் தாளில் வகை எழுதியிருந்தால் மட்டும். பழைய அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் விதிவிலக்கு. செம்பு, பித்தளை, ஈயப் பற்று உள்ள ரேடியேட்டருக்குப் பழைய பாணிக் கூலன்ட்தான் பொருத்தம், அடிக்கடி மாற்றினால் போதும்.

பம்ப் மாற்றும்போது பழைய கூலன்டைப் பக்கெட்டில் பிடித்துத் திரும்ப ஊற்றும் பழக்கம் பற்றி ஒரு வார்த்தை. வேண்டாம். ஹெட் கேஸ்கெட் போன வண்டி என்றால் நிச்சயமாக வேண்டாம், எண்ணெயும் எரிந்த வாயுவும் அதில் கலந்திருக்கும். அந்தப் பக்கெட்டைத் தெருவில் கொட்டவும் விடாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், விஷம், தெருநாய்கள் நக்கும்.

ஊற்றிய பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை எஞ்சினை ஓட விட்டு, காற்றை வெளியேற்றுங்கள். ஒரு வாரம் கழித்து, காலையில் குளிர்ந்த எஞ்சினில் ரிசர்வாயர் அளவைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் உள்ளே இருந்த காற்று வெளியே வந்திருக்கிறது, அதே கலவையை மேலே ஊற்றினால் போதும். அடுத்த வாரமும் இறங்கினால் கூலன்டை விட்டுவிட்டு ரிப்பேரைச் சந்தேகியுங்கள். டாங்க் மேல் ஒரு டேப் ஒட்டி, தேதி, கூலன்ட் வகை, சதவீதம் மூன்றையும் மார்க்கரில் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்து பானெட்டைத் திறக்கும் மெக்கானிக் நிறம் பார்த்து ஊற்ற மாட்டார்.